பழைய காரும் பழகிய கையும்

நம் நாட்டில் மோட்டார் காரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதன் கல்யாண வைபவத்தை மட்டுமே வர்ணிக்கிறார்கள். எந்த வருஷம் எந்தக் கம்பெனி எந்தக் காரை வெளியிட்டது, என்ன விலை, முதல் சாவியை யார் வாங்கிக்கொண்டார் என்பதோடு சரித்திரம் முடிந்துவிடுகிறது. கல்யாணத்துக்குப் பிறகு நடக்கும் குடித்தனத்தை யாரும் எழுதுவதில்லை. ஒரு கார் புதிதாக இருப்பது இரண்டு மூன்று வருஷம். சிரத்தையாக வைத்துக்கொண்டால் அது பழையதாக இருப்பது முப்பது நாற்பது வருஷம். ஆகவே காரின் சரித்திரத்தில் பெரும் பகுதி பழைய காரின் சரித்திரம்தான் என்பது என் அபிப்பிராயம்.

இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு. 1978-ல் பம்பாயில் பிறந்த பிரீமியர் பத்மினி ஒன்று என்னிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கோணிப்பையை விரித்துக்கொண்டு அதன் அடியில் படுத்துக் கிடப்பது என் பொழுதுபோக்கு. நான் என்ஜினீயரிங் படித்தவனல்ல, கதை எழுதுகிறவன். இத்தாலி தேசத்தில் யாரோ வரைபடம் போட்ட ஓர் இயந்திரத்தை, சென்னையில் ஒரு வீட்டு வாசலில், நாலைந்து ஸ்பேனரும் ஒரு திருப்புளியும் வைத்துக்கொண்டு ஒரு கதாசிரியன் கழற்றி மாட்ட முடிகிறதென்றால் அதற்குக் காரணம் என்னுடைய சாமர்த்தியம் இல்லை. காரணம் சரித்திரத்தில் இருக்கிறது. முக்கியமாக, 1953-ல் டில்லியில் செய்த ஒரு தீர்மானத்தில் இருக்கிறது.

அதற்கு முன் காரின் நிலைமை எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும்.

சுதந்திரத்துக்கு முன் நம் நாட்டில் ஓடிய கார்கள் முழுசாகவோ பாகம் பாகமாகவோ கப்பலில் வந்தவை. 1928 முதல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி பம்பாயில் கார்களைப் பூட்டி விற்றது. ஃபோர்டு கம்பெனியும் அப்படியே செய்தது. சென்னையில் மௌண்ட் ரோடுதான் காருக்குக் கடைத்தெரு. 1840-ல் ஆரம்பித்துக் குதிரை வண்டிகள் கட்டிவந்த சிம்ப்ஸன் கம்பெனியும், அடிஸன் கம்பெனியும் அங்கே பேர் பெற்றவை. ஜமீன்தாரும் பாரிஸ்டரும் பெரிய டாக்டரும் கார் வாங்கினார்கள். வாங்கியவர் பின் ஸீட்டில் உட்கார்ந்தார். டிரைவர் முன் ஸீட்டில் உட்கார்ந்தார். பானெட்டைத் திறந்து கையில் கரி பூசிக்கொள்வது எஜமானுடைய கௌரவத்துக்குக் குறைவு. சின்ன ரிப்பேர் டிரைவரின் பொறுப்பு. பெரிய ரிப்பேருக்குக் கம்பெனி. கம்பெனியிலும் சாமான் இல்லையென்றால் அடுத்த கப்பல்.

இரண்டாம் உலக யுத்தம் வந்தது. கப்பல்களுக்கு வேறு வேலை வந்துவிட்டது. பெட்ரோலுக்கு ரேஷன். அப்போது மதுரை டி. வி. எஸ். நிறுவனம் பெட்ரோலுக்குப் பதிலாகக் கரி வாயுவில் ஓடும் சாதனம் ஒன்றைச் செய்து கொடுத்தது. பஸ்ஸோடு ஒரு பெரிய உருளையைப் பொருத்தி, அதில் கரியைப் புகைய விட்டு, அந்த வாயுவை என்ஜினுக்குள் அனுப்பினார்கள். வண்டி மேட்டில் ஏறத் திணறியது, ஆனால் ஓடியது. உதிரி பாகம் கிடைக்காதபோது கடைசல் பட்டறையில் கடைந்து போட்டுக்கொண்டார்கள். இல்லாத சாமானை உண்டாக்கிக்கொள்ளும் பழக்கத்துக்கு நம் பட்டறைகள் அந்த நாளிலேயே ஆனா ஆவன்னா எழுதிவிட்டன.

இனி 1953. அந்த வருஷம் டாரிஃப் கமிஷன் மோட்டார்த் தொழிலைப் பற்றி அறிக்கை கொடுத்தது. அதைப் பின்பற்றி சர்க்கார் ஒரு முடிவு செய்தது: இந்த நாட்டிலேயே பாகங்களைப் படிப்படியாகத் தயாரிக்கத் திட்டம் உள்ளவர்கள் மட்டும் தொழிலில் இருக்கலாம், வெளிநாட்டுப் பாகங்களைப் பூட்டி மட்டும் விற்பவர்கள் கடையைக் கட்ட வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் மூட்டை கட்டின. கார் உற்பத்தியில் மிஞ்சியவை மூன்று கம்பெனிகள். பிர்லா குடும்பத்தாரின் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் வங்காளத்தில் உத்தர்பாராவில் இருந்தது. வால்சந்த் ஹீராசந்த் 1944-ல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் பம்பாயில் குர்லாவில் இருந்தது. மூன்றாவது நம் சென்னையைச் சேர்ந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி.

மூன்று கம்பெனிகளும் மூன்று அந்நிய நாட்டுக் கார்களைத் தத்து எடுத்துக்கொண்டன. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு 1958-ல் அம்பாஸடராக அவதாரம் எடுத்தது. டிரையம்ஃப் ஹெரால்டு 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டாயிற்று. இத்தாலியின் ஃபியட் 1100, ஐம்பதுகளிலேயே வந்து, சின்னச் சின்ன மாறுதல்களுடன் வெவ்வேறு பெயர் பூண்டு, 1964-ல் ‘டிலைட்’ என்ற உருவத்தை அடைந்தது. ஃபியட்டோடு செய்த ஒப்பந்தம் முடிந்ததும் எழுபதுகளின் தொடக்கத்தில் அதற்கு ‘பிரஸிடெண்ட்’ என்று பெயர் மாறி, 1974-ல் ‘பத்மினி’ என்று நிலைத்தது. சித்தூர் ராணியின் பெயர் அது. நம் ஊர்க்காரர்கள் ராணியை நினைக்கவில்லை; நாட்டியப் பேரொளியைத்தான் நினைத்தார்கள். இரண்டு பேருக்கும் அதனால் கௌரவக் குறைவு இல்லை.

பெயர் மாறியதே தவிர ஆள் மாறவில்லை. இதுதான் இந்தச் சரித்திரத்தின் மையம். 1964-ல் வந்த உருவம் ஏறக்குறைய 2000-ம் வருஷம் வரை நீடித்தது. கிரில் மாறும், விளக்கு மாறும், டாஷ்போர்டு மாறும். உள்ளே அதே 1089 ஸி.ஸி. நாலு சிலிண்டர் என்ஜின். அம்பாஸடர் கதையும் இப்படியே. பிற்காலத்தில் என்ஜினை மாற்றினார்கள், மார்க் இரண்டு, மார்க் மூன்று என்று எண்ணை ஏற்றினார்கள். ஆனால் 2014-ம் வருஷம் மே மாதம் உத்தர்பாரா ஆலை நின்றபோது வெளிவந்த கடைசி வண்டியைத் தூரத்திலிருந்து பார்த்தால் 1958-ன் பேரப்பிள்ளை என்று முக ஜாடையிலேயே சொல்லிவிடலாம்.

வாங்குகிறவனுக்கு இது பெரிய அநீதி. பணத்தைக் கட்டிவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருக்க வேண்டும். காத்திருந்து கிடைப்பதும் உலகம் கழித்துப்போட்ட மோஸ்தர். காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள் புதுக் காரின் விலைக்கு மேல் கொடுத்து ஓடின காரை வாங்கினார்கள். 1969-ல் மூன்று கார்களின் விலையையும் சர்க்கார் உத்தரவு போட்டு நிர்ணயித்தது. கம்பெனிகள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயின. போட்டி இல்லாத இடத்தில் தரம் வளராது என்பதற்கு உதாரணம் தேடுகிறவர்கள் இந்த முப்பது வருஷத்தைக் காட்டினால் நான் ஆட்சேபிக்க மாட்டேன்.

ஆனால் வாங்கியவனுக்குச் சாபமாக இருந்தது, வைத்திருப்பவனுக்கு வரமாகிவிட்டது. தொண்ணூறுகளில் செய்த உதிரி பாகம் அறுபதுகளில் செய்த காரில் பெரும்பாலும் உட்கார்ந்துகொள்ளும். ஒரே இயந்திரத்தை முப்பது வருஷம் கழற்றி மாட்டிய கைகள் நாடு முழுவதும் உண்டாயின. காஞ்சீபுரத்தில் நின்றுபோன காரைச் சரிசெய்யத் தெரிந்தவன் கான்பூரிலும் இருந்தான். அப்பன் கற்ற வேலையைப் பிள்ளை கற்கும்போது பாடம் மாறியிருக்கவில்லை. வேறெந்த இயந்திரத்துக்கும் இப்படி ஒரு குருகுலம் நம் நாட்டில் அமைந்ததா என்பது சந்தேகமே.

பழைய கார் என்றதும் கியூபாவைச் சொல்வார்கள். 1959 புரட்சிக்குப் பிறகு அமெரிக்காவோடு வியாபாரம் அற்றுப்போய், அந்தத் தீவில் ஐம்பதுகளின் அமெரிக்கக் கார்கள் அப்படியே தங்கிவிட்டன. ருஷ்ய வண்டியின் பாகத்தையும் டீஸல் என்ஜினையும் பொருத்தி அவற்றை ஓட்டிவந்தார்கள். அவர்கள் சாமர்த்தியத்துக்குத் தலை வணங்க வேண்டியதுதான். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அங்கே பழைய காருக்குப் பாகம் வருவது நின்றுபோயிற்று. இங்கேயோ பழைய காரையே வருஷா வருஷம் புதிதாகச் செய்துகொண்டிருந்தார்கள். அங்கே மெக்கானிக் ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியாக யுக்தி செய்ய வேண்டியிருந்தது. இங்கே ஒருவன் கண்ட யுக்தி லட்சம் வண்டிக்கு உதவியது.

பாகங்கள் எங்கிருந்து வந்தன? 1953 தீர்மானத்தின் நல்ல பலன் இங்கேதான் இருக்கிறது. பாகங்களை இங்கேயே செய்ய வேண்டும் என்று கட்டாயம் வந்ததும் அதற்கென்று தொழிற்சாலைகள் முளைத்தன. அவற்றில் பல சென்னையைச் சுற்றியே முளைத்தன. செம்பியத்தில் பிஸ்டன் செய்யும் தொழிற்சாலை 1949-லேயே வந்துவிட்டது. அறுபதுகளின் ஆரம்பத்தில் பாடியில் லூகாஸ் டி. வி. எஸ். டைனமோவும் ஸ்டார்ட்டரும் டிஸ்ட்ரிபியூட்டரும் செய்யத் தொடங்கியது. பக்கத்திலேயே பிரேக்குக்கு ஒன்று, சக்கரத்துக்கு ஒன்று. திருவொற்றியூரில் ரப்பர் பலூன் செய்து ஆரம்பித்த எம். ஆர். எஃப். 1961-ல் டயர் செய்ய வந்தது. கார் பிறந்தது பம்பாயில் என்றாலும் அதற்குச் சீர் வரிசை அனுப்பிய ஊர்களில் சென்னை முக்கியமானது.

இந்தப் பாகங்கள் தொழிற்சாலையிலிருந்து கடைக்கு வந்தன. கடையில் கிடைக்காதவற்றுக்குக் கூவம் கரையில் புதுப்பேட்டை இருந்தது. ஓடி ஓய்ந்த வண்டிகளைப் பிரித்து, இந்தக் காரின் கதவை அந்தக் காருக்கும், அந்தக் காரின் கியர் பெட்டியை இந்தக் காருக்கும் கொடுக்கும் சந்தை அது. கல்கத்தாவுக்கு மல்லிக் பஜார் எப்படியோ, டில்லிக்கு மாயாபுரி எப்படியோ, சென்னைக்குப் புதுப்பேட்டை அப்படி. என் பத்மினிக்கு வைத்தியம் பார்க்கும் பெரியவர் அந்தப் பேட்டையில் சிறு பையனாகச் சேர்ந்து வேலை கற்றவர். எல்லோரும் அவரை ‘பாய்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படித்தான்.

பையனாகச் சேர்ந்தவனுக்கு முதல் வருஷம் ஸ்பேனரைத் தொட உரிமை இல்லை. மண்ணெண்ணெயில் போல்ட்டுகளைக் கழுவ வேண்டும். டீ வாங்கி வர வேண்டும். கழுவிக் கழுவியே எந்த போல்ட் எந்தப் பாகத்தைச் சேர்ந்தது என்று விரலுக்குத் தெரிந்துவிடும். அடுத்த வருஷம் சக்கரம், பிரேக். பிறகு கார்புரேட்டர். என்ஜினைத் திறக்க விடுவதற்குள் மீசை முளைத்துவிடும். பரீட்சை கிடையாது, சர்டிபிகேட் கிடையாது.

ஒரு நாள் என் வண்டியில் டக் டக் என்று ஒரு சத்தம். நான் என் சந்தேகங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

“சார், கொஞ்சம் சும்மா இருங்க. நீங்க பேசினா வண்டி பேசறது கேக்கலே” என்றார் பாய்.

நீளமான திருப்புளி ஒன்றை எடுத்து, அதன் நுனியை என்ஜின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டார். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை நகர்த்துவதுபோல் நாலு இடத்தில் நகர்த்தினார். “மூணாவது டாப்பெட்டு, சார். வேறே ஒண்ணுமில்லே” என்றார். திறந்து பார்த்ததில் அந்த வால்வுக்குத்தான் இடைவெளி அதிகமாகியிருந்தது.

இந்த மாதிரி வித்தைகள் எந்தக் கம்பெனிப் புத்தகத்திலும் இல்லை. பெட்ரோல் டாங்கியில் கசிவு கண்டால் பார் சோப்பைத் தேய்த்து அடைப்பார்கள். பட்டறை போய்ச் சேரும் வரை தாங்கும். ரேடியேட்டர் ஒழுகினால் அதற்குள் மஞ்சள் பொடி. சித்திரை வெயிலில் பெட்ரோல் பம்பிலேயே ஆவியாகி வண்டி நின்றுவிட்டால் பம்பின் மேல் ஈரத் துணி. பிளாட்டினம் பாயிண்டின் இடைவெளியைப் பார்க்கக் கருவி இல்லாவிட்டால் வத்திப் பெட்டியின் அட்டை. சமையலறையிலிருந்து இவ்வளவு சாமான் கேட்கும் இயந்திரம் வேறு உண்டா என்று என் மனைவி கேட்கிறாள். நியாயமான கேள்விதான்.

பிளாட்டினம் பாயிண்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய காரின் குணம் முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இரண்டு சிறு உலோகப் பொட்டுகள் தொட்டும் பிரிந்தும் நிற்கும். அவை பிரியும் ஒவ்வொரு தடவையும் காயிலில் மின்சாரம் பொங்கி, பிளக்கில் பொறி பிறக்கும். பொறி பிறக்கும் வேளை கொஞ்சம் முந்தினால் என்ஜின் அடிக்கும். கொஞ்சம் பிந்தினால் இழுக்காது. அந்தப் பொட்டுகள் எரிந்து தேய்ந்து இடைவெளி மாறும். சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை மூடியைத் திறந்து, பொட்டைத் துடைத்து, இடைவெளியைச் சரி செய்ய வேண்டும். அரை மணி வேலை. அந்த அரை மணியில் ஒன்று புரிகிறது: இந்த இயந்திரத்தில் மறைத்து வைத்தது எதுவும் இல்லை. காரணத்தைக் கண்ணால் பார்க்கலாம், காரியத்தைக் காதால் கேட்கலாம்.

என்ஜினை முழுதும் பிரித்தால் சரித்திரமே கிடைக்கும். ஓடி ஓடி சிலிண்டர் தேய்ந்ததும் அதைச் சற்று அகலமாகக் குடைந்து, அதற்குத் தக்கபடி அளவு கூடிய பிஸ்டன் போடுவது வழக்கம். அந்தக் கூடுதல் அளவைப் பிஸ்டனின் தலையிலேயே எண்ணாகக் குத்தியிருப்பார்கள். என் காரைத் திறந்தபோது இரண்டாவது ஓவர்சைஸ் எண் இருந்தது. எனக்கு முன்னால் முகம் தெரியாத யாரோ இரண்டு தடவை இந்தக் காரைச் சாவிலிருந்து மீட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். குடைவதற்கும் ஓர் எல்லை உண்டு; எல்லையை எட்டினால் உள்ளே புதுச் சட்டை போல் ஓர் உறையை இறக்கி, மறுபடியும் பழைய அளவிலிருந்து ஆரம்பிக்கலாம். மனிதனுக்கு இந்த வசதி இல்லை.

1983 டிசம்பரில் மாருதி வந்தது. மூன்று கிழவர்களின் ராஜ்யம் அன்றோடு முடிந்தது. ஹெரால்டின் வம்சம் அதற்கு முன்பே எழுபதுகளில் நின்றுவிட்டது. பத்மினி 2000-ஐ ஒட்டி நின்றது. பம்பாயின் கறுப்பு மஞ்சள் டாக்ஸிகளாக மட்டும் அது மேலும் இருபது வருஷத்துக்கு மேல் உழைத்தது. அங்கே டாக்ஸிக்கு விதித்த இருபது வருஷக் கெடு முடிந்து, 2023 அக்டோபரோடு அதுவும் விடை பெற்றது.

கார் மாறியது மட்டுமல்ல, அது குடிக்கும் பெட்ரோலும் மாறியது. பழைய பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. குழந்தைகளின் மூளைக்கு அது விஷம். ஆனால் பழைய என்ஜினின் எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடம் தேயாமல் காத்ததும் அதுதான். 2000 பிப்ரவரியிலிருந்து நாடு முழுவதும் ஈயத்தை நீக்கினார்கள். செய்ய வேண்டிய காரியந்தான். பட்டறைக்காரர்கள் கடினமான உலோகத்தில் வால்வு இருக்கைகள் பதித்துச் சமாளித்தார்கள். 2025-ல் நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல் நாடெங்கும் வந்துவிட்டது. எத்தனால் பழைய ரப்பர்க் குழாய்களையும் பம்பின் சவ்வையும் அரிக்கும். ஈரத்தை உறிஞ்சி டாங்கியில் துருவை உண்டாக்கும். பாய் குழாய்களை மாற்றினார், சவ்வையும் மாற்றினார். கார் ஓடுகிறது.

சட்டமும் நெருங்கி வந்திருக்கிறது. பதினைந்து வருஷம் ஆன காரின் பதிவை ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் ஆயிற்று. டில்லி வட்டாரத்தில் பதினைந்து வயது கடந்த பெட்ரோல் வண்டிகளை ஓட்டக்கூடாது என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியது. இதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. என் கார் புது வண்டியைவிட அதிகம் புகைக்கும். மோதினால் காப்பாற்றும் காற்றுப் பை அதில் கிடையாது. எல்லோரும் பழைய காரிலேயே போக வேண்டும் என்று நான் சொன்னால் ஊர் தாங்காது.

என் கவலை காரைப் பற்றியதல்ல. பாயின் காதைப் பற்றியது. அவருடைய பிள்ளையும் மெக்கானிக்தான். புதிய கார்களுக்கான பட்டறை ஒன்றில் வேலை. வண்டி வந்ததும் ஒரு கம்பியைச் சொருகினால் திரையில் குற்றத்தின் எண் வரும்; எண்ணுக்குரிய பெட்டியைக் கழற்றிப் புதுப் பெட்டி போடுவான். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. “பையன் என்னைவிட சீக்கிரமா கண்டுபிடிச்சுடறான், சார். ஆனா என்ன கண்டுபிடிச்சான்னு அவனுக்கே தெரியாது” என்றார் பாய். அவர் குறையாகச் சொல்லவில்லை. பிள்ளையின் சம்பளத்தில் அவருக்குத் திருப்திதான். ‘பழுது பார்க்கும் உரிமை’ என்று ஒரு பேச்சு உலகமெங்கும் கிளம்பியிருக்கிறது. நம் மத்திய சர்க்காரும் 2022-ல் அதற்கென்று ஒரு கமிட்டி அமைத்தது. மோட்டார் வாகனமும் அதன் பட்டியலில் உண்டு. விலைக்கு வாங்கிய பொருளைத் திறந்து பார்க்கும் உரிமையைக் கமிட்டி வைத்துக் கேட்க வேண்டியிருக்கிறது. ஒரு காலத்தில் அது ஞாயிற்றுக்கிழமையும் ஒரு கோணிப்பையும் இருந்தால் கிடைத்தது.

2021-ல் சர்க்கார் இன்னொரு விதியும் செய்தது. பதிவாகி ஐம்பது வருஷம் கடந்து, மூல உருவம் மாறாமல் இருக்கும் கார்களை ‘விண்டேஜ்’ வாகனங்கள் என்று அங்கீகரித்து, அவற்றுக்குத் தனி எண் பலகை கொடுப்பார்கள். அன்றாட உபயோகத்துக்கு அவற்றை ஓட்டக்கூடாது. கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் கொண்டுபோகலாம். 2028-ல் என் பத்மினிக்கு ஐம்பது வயது பூர்த்தியாகும். அன்றைக்கு அது பாரம்பரியச் சின்னம் என்று சட்டம் மாலை போட்டு வரவேற்கும். பதினைந்து வயது வரை அது கார். ஐம்பதுக்கு மேல் பொக்கிஷம். நடுவில் உள்ள முப்பத்தைந்து வருஷத்துக்குச் சட்டத்தில் நல்ல பெயர் எதுவும் இல்லை. அந்த முப்பத்தைந்து வருஷமும் எத்தனையோ பட்டறைகளில், மண்ணெண்ணெய் வாசனைக்கு நடுவில், போல்ட்டைக் கழுவிக் கற்றுக்கொண்டவர்கள் அதை உயிரோடு வைத்திருந்தார்கள். மாலையின் ஒரு பூவாவது அவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும்.